பி4: ஒராங்குட்டானை நம்பி இறங்கலாமா?

சதுரங்கத்தில் வெள்ளை தன் முதல் நகர்வாக ஆடக்கூடியவை மொத்தம் 20. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. இரண்டு குதிரைகளுக்கும் இரண்டிரண்டு வழி, அது 4. இந்த 20இல் கழகங்களிலும் போட்டிகளிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் நான்கைத்தான்: இ4, டி4, சி4, குதிரை எஃப்3. மீதி 16இல் ஒன்றை யாராவது ஆடினால் பக்கத்து மேசையில் இருப்பவர் கூட எட்டிப் பார்ப்பார்.

அந்த 16இல் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். 1. பி4. இடப்பக்கக் குதிரைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை, எடுத்த எடுப்பிலேயே இரண்டு கட்டம் தள்ளுவது. இதற்கு மூன்று பெயர்கள் இருக்கின்றன: ஒராங்குட்டான் திறப்பு, சொகோல்ஸ்கி திறப்பு, போலந்துத் திறப்பு. திறப்புகளை வகைப்படுத்தும் அட்டவணையில் இதற்கு ஏ00 என்று எண். அதாவது 'மற்றவை' என்று எழுதிய பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திறப்பை நீங்கள் ஆட வேண்டும். ஆனால் உங்கள் முதல் திறப்பாக அல்ல. பொறி வைப்பதற்காகவும் அல்ல. ஏன் என்று கீழே சொல்கிறேன். உடன்படாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

முதலில் பெயர்கள்

நம்மில் பலர் காய்களின் பெயர்களைத் தமிழில் படிக்கவில்லை. கழகத்தில் என்ன மொழியோ அதில்தான் படித்தோம். அதனால் ஒரு சின்னக் குறிப்பு. ராஜா, ராணி, குதிரை, சிப்பாய் எல்லாம் உங்களுக்கே புரியும். மூலையில் நிற்பது கோட்டை, சில வீடுகளில் அதை யானை என்பார்கள். குறுக்காக ஓடுவது மந்திரி.

இந்த மந்திரியைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அது பிஷப், ஒரு பெரிய பாதிரியார். பிரெஞ்சில் அதன் பெயருக்கு அரசவைக் கோமாளி என்று அர்த்தம். டொச்சிலும் நோர்வேஜிய மொழியிலும் அது ஓட்டக்காரர். நமக்கு மட்டும்தான் அது அரசருக்குப் புத்தி சொல்லும் மந்திரி. ஒராங்குட்டான் திறப்பின் கதாநாயகனும் அந்த மந்திரிதான். அவரை பி2இல் உட்கார வைத்து, பலகையின் மறுமூலையில் இருக்கும் ஜி7ஐயும் எச்8ஐயும் முறைக்க வைப்பதுதான் இதன் அடிப்படைத் திட்டம்.

மிருகக்காட்சிச்சாலையில் இருந்து வந்த பெயர்

1924இல் நியூயோர்க்கில் ஒரு பெரிய போட்டி நடந்தது. லாஸ்கர், கப்பாபிளாங்கா, அலெகின் என்று மூன்று பெரும் பெயர்களும் ஒரே மண்டபத்தில். முதலிடம் லாஸ்கருக்கு. அதில் ஆடியவர்களில் ஒருவர் சவியெலி தர்தகோவர். பகிடிக்குப் பேர்போன மனிதர். போட்டிக்கு நடுவே ஆட்டக்காரர்கள் பிராங்ஸ் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனார்கள். அங்கே சூசன் என்று ஒரு ஒராங்குட்டான் இருந்தது. அடுத்து என்ன ஆடலாம் என்று தான் சூசனிடம் ஆலோசனை கேட்டதாகவும், பி4 ஆடு என்று அது குறிப்புக் காட்டியதாகவும் தர்தகோவர் சொல்லித் திரிந்தார். சொன்னபடியே மரோட்சிக்கு எதிராக பி4 ஆடினார். அந்தச் சிப்பாய் பி4, பி5 என்று மேலே ஏறுவது மரமேறும் குரங்கு போல இருக்கிறது என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

ஒராங்குட்டான் என்பது மலாய்ச் சொல். ஓராங் என்றால் மனிதர், ஹூத்தான் என்றால் காடு. காட்டு மனிதர். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்த ஆட்டத்தில் தர்தகோவருக்குத் திறப்பு மோசமாக அமையவில்லை. ஆனாலும் கடைசியில் மரோட்சிதான் வென்றார். இதைச் சொல்லாமல் பாதிக் கதையோடு நிறுத்துகிற காணொளிகள் நிறைய உண்டு. மீதியையும் தெரிந்துகொண்டு ஆடுங்கள்.

பெயரில் இருக்கும் சொகோல்ஸ்கி, அலெக்சி சொகோல்ஸ்கி என்ற சோவியத் ஆட்டக்காரர். மற்றவர்கள் பகிடியாகப் பார்த்த நகர்வை அவர் வருடக்கணக்காக உண்மையாக ஆராய்ந்து, 1963இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். பின்னாளில் உலக வெற்றியாளரான ஸ்பாஸ்கி கூட 1960இல் ஸ்மிஸ்லோவுக்கு எதிராக இதை ஒருமுறை ஆடிப் பார்த்தார். ஆக, இது கோமாளித்தனமான நகர்வு அல்ல. பெரிய இடங்களில் வேரூன்றாமல் போன நகர்வு. இரண்டும் வேறு வேறு.

இதன் பலம் என்ன?

முதல் பலம், அந்தச் சிப்பாய் பிடிக்கிற இடம். பி4இல் இருந்து அது பி5க்குப் போனால், கறுப்பின் குதிரை சி6க்கு வர முடியாது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் யோசிக்காமலே ஆடுகிற நகர்வு குதிரை சி6. அதை அடைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் மூன்றாவது நகர்விலேயே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இதைப் பலகையில் வைத்துப் பாருங்கள். 1. பி4 இ5. 2. மந்திரி பி2. இப்போது வெள்ளையின் மந்திரி இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது. பழக்கதோஷத்தில் கறுப்பு குதிரை சி6 ஆடிச் சிப்பாயைக் காப்பாற்றப் பார்க்கும். உடனே 3. பி5. குதிரை ஓட வேண்டும். டி4க்கு ஓடினால் 4. இ3 என்று மறுபடியும் விரட்டலாம். அது எங்கே போனாலும் இ5 சிப்பாய் வெள்ளைக்கு. கறுப்பு செய்தது கண்மூடித்தனமான தவறு அல்ல. எல்லாப் புத்தகங்களும் நல்லது என்று சொல்கிற நகர்வைத்தான் ஆடியது. ஆனால் இந்த இடத்தில் அது நல்லதில்லை. இதுதான் எனக்கு இந்தத் திறப்பில் பிடித்த பாடம்.

இரண்டாவது பலம், ஓரச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்கும் பேரம். 1. பி4 இ5 2. மந்திரி பி2 மந்திரி பி4ஐ வெட்டுகிறது, 3. வெள்ளை மந்திரி இ5ஐ வெட்டுகிறது. பலருக்குத் தெரிந்த முக்கியமான வழி இதுதான். கணக்குப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சிப்பாய் போய்விட்டது. ஆனால் வெள்ளை இழந்தது பி வரிசைச் சிப்பாயை, கறுப்பு இழந்தது இ வரிசைச் சிப்பாயை. சி, டி, இ என்ற மூன்று நடு வரிசைகளில் வெள்ளைக்கு மூன்று சிப்பாய்கள், கறுப்புக்கு இரண்டு. அதோடு பி வரிசை வெள்ளைக்குத் திறந்து கிடக்கிறது. பின்னால் ஒரு கோட்டையை பி1இல் வைத்து பி7ஐ அழுத்தலாம்.

மூன்றாவது பலம், உங்களுக்குப் பழக்கமான, எதிராளிக்குப் பழக்கமில்லாத தரை. இத்தாலியத் திறப்பிலோ சிசிலியனிலோ நீங்கள் பத்து நகர்வு மனப்பாடம் செய்திருந்தால், அவர் பதினைந்து செய்திருப்பார். இங்கே மூன்றாவது நகர்வுக்குப் பிறகு இருவரும் தங்கள் மூளையைத்தான் நம்ப வேண்டும். ஒரு வித்தியாசம், நீங்கள் இந்த இடத்துக்கு முன்பே பத்துத் தடவை வந்திருக்கிறீர்கள்.

இதன் பலவீனம் என்ன?

முதல் பலவீனம் வெளிப்படையானது. பி4 சிப்பாய்க்கு யாரும் காவல் இல்லை. கறுப்பு இ6 ஆடினால் போதும், எஃப்8இல் இருக்கும் மந்திரி அதைத் தாக்கத் தொடங்கும். ஏ5 ஆடினால் ஓரச் சிப்பாய் தாக்கும். டி5 ஆடி, அடுத்து ராணியை டி6க்குக் கொண்டு வந்தால், ராணியும் பி4ஐத் தாக்கும், இ5 தள்ளுவதற்கும் துணை நிற்கும். ஒவ்வொரு முறையும் வெள்ளை ஏ3 என்றோ பி5 என்றோ பதில் சொல்ல வேண்டும். அப்படிப் போகும் ஒவ்வொரு நகர்வும் ஒரு காயை வெளியே கொண்டுவராத நகர்வு.

இரண்டாவது பலவீனம் நேரம். மேலே சொன்ன பேரத்தையே தொடருங்கள். மூன்றாவது நகர்வில் வெள்ளை மந்திரி இ5இல் நின்று ஜி7ஐத் தாக்குகிறது, கறுப்பு குதிரை எஃப்6 ஆடி அதை மறைக்கிறது. 4. சி4, கறுப்பு கோட்டை கட்டுகிறது. 5. குதிரை எஃப்3, குதிரை சி6. இப்போது வெள்ளை மந்திரி தாக்கப்படுகிறது, 6. மறுபடியும் பி2க்கு வருகிறது. கறுப்பு டி5. நிறுத்திப் பாருங்கள். கறுப்பின் ராஜா பத்திரமாக உள்ளே, இரண்டு குதிரைகளும் ஒரு மந்திரியும் வெளியே, ஒரு சிப்பாய் நடுவில். வெள்ளைக்கு ஒரு குதிரையும் ஒரு மந்திரியும்தான் வெளியே. அந்த மந்திரி மட்டும் மூன்று நகர்வுகளைச் சாப்பிட்டிருக்கிறது. ராஜா இன்னும் நடுவில் நிற்கிறார், கோட்டை கட்ட இன்னும் மூன்று நகர்வு வேண்டும். இ வரிசை கறுப்பின் கோட்டைக்குப் பாதி திறந்திருக்கிறது. இங்கே வெள்ளை சோம்பல் பட்டால் ஆட்டம் முடிந்தது.

மூன்றாவது பலவீனம் ஏ2இல் நிற்கும் சிப்பாய். பக்கத்தில் இருந்த பி சிப்பாய் போனதும் அது தனித்துவிடுகிறது. இறுதியாட்டம் வரை போனால், தனிச் சிப்பாய் ஒரு தலையிடி. கறுப்புக்கு அந்தப் பக்கத்தில் மூன்று சிப்பாய்கள், உங்களுக்கு இரண்டு. நடுவில் கிடைத்த மேலதிகச் சிப்பாயை நீங்கள் முன்னே தள்ளிப் பயன்படுத்தாவிட்டால், காலம் கறுப்பின் பக்கம்தான்.

நான்காவது பலவீனத்தைச் சொன்னவர் அலெகின். அந்த 1924 போட்டியைப் பற்றிய புத்தகத்தை எழுதியவர் அவர்தான். அவருடைய விமர்சனத்தின் சாரம் இது: பி4 பழைய நகர்வுதான், ஆனால் கறுப்பு என்ன செய்யப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே வெள்ளை தன் திட்டத்தைக் காட்டிவிடுகிறது. நூறு வருடம் கழித்தும் இதைவிடச் சரியான குறையை யாரும் சொல்லவில்லை என்பது என் எண்ணம். நடுவில் ஒரு சிப்பாயை வைத்தால் அது எந்தத் திட்டத்துக்கும் உதவும். பி4 சிப்பாய் ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் உதவும். இன்றைய கணினிகளைக் கேட்டாலும் இதே பதில்தான்: நிலை ஏறக்குறையச் சமம், சில வழிகளில் கறுப்புக்குச் சற்று மேல். வெள்ளைக்கு முதல் நகர்வால் கிடைக்கும் சின்னச் சாதகத்தை நீங்களாகவே கைவிடுகிறீர்கள். அதுதான் நீங்கள் கொடுக்கும் விலை.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று இடங்கள்

ஒன்று. கறுப்பு இ5 ஆடி, மந்திரி பி2க்குப் பிறகு எஃப்6 ஆடினால் பயப்படாதீர்கள். அந்தச் சிப்பாய்ச் சுவர் உங்கள் மந்திரியை மறைப்பது உண்மை. ஆனால் எஃப்7 காலியானதால் கறுப்பு ராஜாவைச் சுற்றி ஓட்டை விழுந்துவிட்டது. அமைதியாக ஆட விருப்பம் என்றால் 3. பி5. துணிச்சல் இருந்தால் 3. இ4, பி4 சிப்பாயைப் பலியாகக் கொடுத்து, 4. மந்திரி சி4. இந்த இரண்டாவது மந்திரி நேராக ஜி8ஐப் பார்க்கிறது. அந்தக் கோடு அடைபடும் வரை கறுப்பு அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. ஒரு சிப்பாய்க்கு இது நியாயமான விலை என்று நான் நினைக்கிறேன். எதிராளி கெட்டிக்காரர் என்றால் டி5 தள்ளி, இல்லையென்றால் குதிரையை சி6 வழியாக ஏ5க்குக் கொண்டுவந்து அந்த மந்திரியை விரட்டப் பார்ப்பார். அதற்குத் தயாராக இருங்கள்.

இரண்டு. கறுப்பு சி6 ஆடினால் கவனம். ராணியை பி6க்குக் கொண்டுவந்து, ஏ5 தள்ளி, உங்கள் சிப்பாயைச் சுற்றி வளைப்பதுதான் எண்ணம். 1. பி4 சி6 2. மந்திரி பி2 ராணி பி6 3. ஏ3 ஏ5 4. சி4, கறுப்பு ஏ சிப்பாயால் பி4ஐ வெட்டுகிறது. உடனே திருப்பி வெட்டாதீர்கள். 5. சி5! ராணிக்கு அடி. ஆசைப்பட்டு ராணி சி5ஐ வெட்டினால், 6. ஏ சிப்பாயால் பி4ஐ வெட்டுங்கள். ஒரே நகர்வில் சிப்பாய் ராணியைத் தாக்குகிறது, ஏ வரிசை திறந்து உங்கள் கோட்டை ஏ8இல் இருக்கும் கோட்டையைத் தாக்குகிறது. ஏதோ ஒன்று போயே தீரும். கறுப்பு நிதானமாக ராணியை சி7க்கு எடுத்தால் ஆட்டம் சாதாரணமாகத் தொடரும், உங்களுக்கும் நட்டமில்லை.

மூன்று. பி4 சிப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழாதீர்கள். புதிதாக ஆடுகிறவர்கள் 1. பி4 இ5 என்றதும் பயந்துபோய் 2. ஏ3 ஆடுவார்கள். கறுப்பு டி5 ஆடி, நடுப்பகுதி முழுவதையும் இலவசமாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சிப்பாயைக் கொடுத்து வேறொன்றை வாங்கத் தயாராக இருப்பவருக்குத்தான் இந்தத் திறப்பு. கொடுக்க மனமில்லாவிட்டால் வேறு திறப்பு பார்ப்பது நல்லது.

அப்படியானால் யார் ஆடலாம்?

இப்போதுதான் காய்களை நகர்த்தப் பழகுகிறீர்கள் என்றால், வேண்டாம். முதலில் இ4 ஆடுங்கள். நடுப்பகுதியைப் பிடிப்பது, காய்களை வெளியே எடுப்பது, நேரத்தோடு கோட்டை கட்டுவது, இந்த மூன்றும் கைப்பழக்கமாக வேண்டும். விதியை அறியாதவருக்கு விதிவிலக்கால் என்ன பயன்? குதிரை சி6 ஏன் வழக்கமாக நல்ல நகர்வு என்று தெரிந்தால்தான், இங்கே ஏன் கெட்ட நகர்வு என்பது உறைக்கும்.

நீண்ட நேரப் போட்டிகளில், உங்கள் ஆட்டங்கள் இணையத்தில் பதிவாகும் நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், இதை மட்டுமே நம்பாதீர்கள். நீங்கள் எப்போதும் பி4தான் ஆடுவீர்கள் என்று தெரிந்தால், எதிராளி முதல்நாள் இரவு பத்து நிமிடம் செலவழித்தால் போதும். அதிசயம் என்பது ஒருமுறைதான் அதிசயம்.

இடையில் இருக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். இரண்டு மூன்று வருடம் ஆடியிருப்பீர்கள், அடிப்படை தெரியும், கழக ஆட்டமும் இணையத்தில் விரைவு ஆட்டமும் ஆடுவீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டாவது ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியும் சாட்டும்

இங்கேதான் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் சண்டை. அவர்கள் அபூர்வத் திறப்புகளைப் பொறிக்காக ஆடுகிறார்கள். எதிராளி விழுந்தால் ஐந்து நிமிடத்தில் வெற்றி, விழாவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. மேலே நானே இரண்டு பொறிகளைச் சொன்னேன். ஆனால் அவை வழியில் கிடைக்கிற பழங்கள். பழத்துக்காக மட்டும் ஒரு வழியில் போனால், பழம் இல்லாத நாளில் நடக்கத் தெரியாது.

இதைவிட மோசமான இன்னொன்றும் இருக்கிறது. சிலர் அபூர்வத் திறப்பை ஒரு சாட்டாக வைத்துக்கொள்கிறார்கள். வென்றால் "பார்த்தியா, குரங்குத் திறப்பிலேயே அடிச்சிட்டன்." தோற்றால் "நான் சும்மா பகிடிக்குத்தான் ஆடினனான்." இரண்டு பக்கமும் பாதுகாப்பு. தோல்வி உண்மையாகத் தன்மேல் விழாதபடி ஒரு குடை.

இந்தக் குடை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, மத்தியானம் சதுரங்க வகுப்பு, ஞாயிறு போட்டி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மண்டபத்துக்கு வெளியே கையில் தேநீர்ப் போத்தலோடு அம்மா நிற்பார். கதவைத் திறந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி: "என்னப்பு, வெண்டனியோ?" 2024 டிசம்பரில் சென்னைப் பெடியன் குகேஷ் 18 வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்தை வென்ற பிறகு, இந்தக் கேள்வியின் பாரம் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது. அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. இரண்டு வேலை செய்து வகுப்புக்குக் காசு கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு விதமான பிள்ளைகள் உருவாகிறார்கள். ஒரு பிள்ளை பயிற்சியாளர் தந்த பதினைந்து நகர்வையும் மனப்பாடம் செய்து, பதினாறாவதில் முழிக்கும். மற்றப் பிள்ளை விசித்திரமாக எதையாவது ஆடி, தோற்றால் சிரித்துவிட்டுப் போகும். இரண்டு பேருமே தாங்களாக யோசித்துத் தோற்கிற அனுபவத்தைத் தவிர்க்கிறார்கள். பதினாலு, பதினைந்து வயதில் இரண்டு பேருமே பலகையை மூடி வைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த அளவில், ஆட்டம் பிடிக்காமல் விட்டவர்களைவிட, இப்படிக் களைத்துப்போய் விட்டவர்கள்தான் அதிகம்.

அபூர்வத் திறப்பை உண்மையாக ஆடுவது என்றால் எப்படி? 1970இல் பெல்கிரேடில் நடந்ததைப் பாருங்கள். சோவியத் ஒன்றியத்துக்கும் உலக அணிக்கும் போட்டி. உலக அணியின் முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன். எதிரில் உலக வெற்றியாளர் ஸ்பாஸ்கி. லார்சன் தனக்குப் பிடித்த 1. பி3 ஆடினார். நம்முடைய பி4க்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே மந்திரி, அதே பி2. ஸ்பாஸ்கி 14ஆவது நகர்வில் ஒரு கோட்டையை எச்1இல் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார். 17 நகர்வில் லார்சன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த நாள் உலகத்தின் மிகப் பெரிய மேடையில், தன் சொந்தத் திறப்பில், 17 நகர்வில் தோல்வி. நம்மில் யாராவது என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்போம். லார்சன் அடுத்த சுற்றில் அதே ஸ்பாஸ்கியைத் தோற்கடித்தார். 1. பி3க்கு இன்றைக்கும் லார்சன் திறப்பு என்றுதான் பெயர். 17 நகர்வில் தோற்றவரின் பெயரைத்தான் அந்த நகர்வு சுமக்கிறது.

அவர் அந்தத் திறப்பைச் சாட்டாக வைத்திருக்கவில்லை. நம்பி ஆடினார், தோற்றார், அந்தத் தோல்வி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். சொகோல்ஸ்கியும் அப்படித்தான். பகிடி என்று எல்லோரும் ஒதுக்கிய நகர்வோடு உட்கார்ந்து, எங்கே பலம், எங்கே ஓட்டை என்று வருடக்கணக்காக எழுதி வைத்தார்.

எதிர்வாதத்துக்கு என் பதில்

பயிற்சியாளர்கள் சொல்வார்கள்: "வெள்ளைக்குச் சாதகம் கிடைக்காத திறப்பை ஏன் ஆட வேண்டும்?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சாதகம் எவ்வளவு? பெரிய வீரர்கள் நாற்பது நகர்வு தவறில்லாமல் ஆடினால்தான் அது வெற்றியாக மாறும். நம்முடைய ஆட்டங்கள் திறப்பில் முடிவதில்லை. இருபத்தைந்தாவது நகர்வில் யாரோ ஒருவர் ஒரு குதிரையைச் சும்மா விட்டுக்கொடுப்பதில்தான் முடிகின்றன. அந்தச் சின்னச் சாதகத்தை விட்டுக்கொடுத்து, மூன்றாவது நகர்வில் இருந்தே யோசிக்கும் பழக்கத்தை வாங்குவது எனக்கு நட்டமான பேரமாகத் தெரியவில்லை. ஓரச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்குவது போலத்தான் இதுவும்.

"பிறகு உண்மையான திறப்புகளுக்கு நேரம் இருக்காதே" என்பது இரண்டாவது வாதம். இதற்கு அதிக நேரம் தேவையில்லை. மேலே சொன்ன நான்கைந்து வழிகளைப் பலகையில் ஒரு பின்னேரம் வைத்துப் பார்த்தால் போதும். மனப்பாடம் செய்ய வேண்டிய நீண்ட பட்டியல் இல்லாததுதான் இதன் அழகே.

எப்படித் தொடங்குவது?

பத்து ஆட்டம் ஆடுங்கள். மிக வேகமான ஆட்டங்கள் வேண்டாம், ஆளுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்த நகர்வில் எனக்குத் தெரிந்தது முடிந்து யோசனை தொடங்கியது? பி4 சிப்பாய்க்குக் கடைசியில் என்ன ஆனது? என் பி2 மந்திரி உயிரோடு இருந்ததா, சுவருக்குப் பின்னால் தூங்கியதா? கணினியிடம் கேட்பதற்கு முன்பு இந்த மூன்றையும் உங்கள் கையால் எழுதுங்கள். தமிழில் எழுதினால் இன்னும் சந்தோஷம். காய்களின் பெயர்கள்தான் இப்போது தெரியுமே.

பத்தில் ஆறு தோற்றாலும் பரவாயில்லை. ஆனால் அந்த ஆறில் ஒன்றைக்கூட "சும்மா பகிடிக்கு ஆடினது" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு நிபந்தனையை ஏற்றுக்கொள்ள முடிந்தால் பி4 உங்களுக்கானது. முடியாவிட்டால் இ4 ஆடுங்கள், டி4 ஆடுங்கள், எதை ஆடினாலும் உங்கள் பிரச்சினை திறப்பில் இல்லை.